தாமஸ் ஜெஃபர்சனின் கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெஃபர்சன் யார்? அவர் கடிதங்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

1776-இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரைவை எழுதியவர். வர்ஜீனியாவின் ஆளுநர், பிரான்சுக்கான தூதர், முதல் வெளியுறவுச் செயலர், துணைக் குடியரசுத் தலைவர் என்று படிப்படியாக ஏறி, 1801 முதல் 1809 வரை மூன்றாவது குடியரசுத் தலைவராக இருந்தவர். மேடைப் பேச்சில் பேர் வாங்கியவர் இல்லை. அவர் குரல் மெலிது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கான ஆண்டு உரையைக்கூட நேரில் வாசிக்காமல் எழுதி அனுப்பிவிடுவார். ஆகவே அவர் அரசியல் செய்த களம் பெரும்பாலும் தாள்தான். கட்சி கட்டியது, எதிரியை மடக்கியது, நண்பனைச் சமாதானப்படுத்தியது, மகளைக் கண்டித்தது எல்லாம் கடிதத்தில்.

மொத்தம் எத்தனை கடிதங்கள் எழுதினார்?

வாழ்நாளில் சுமார் 19,000 என்பது ஆய்வாளர்களின் கணக்கு. அவருக்கு வந்தவை தனி. 1783 நவம்பரில் ஒரு பதிவேடு தொடங்கினார். எந்த நாளில் யாருக்கு எழுதினார், யாரிடமிருந்து எந்தத் தேதியிட்ட கடிதம் எப்போது வந்து சேர்ந்தது என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே போனார். 1826 ஜூனில், இறப்பதற்குச் சில நாள் முன்பு வரை அந்தப் பதிவு நீள்கிறது. தொலைந்துபோன கடிதங்கள் எவை என்பதே இந்தப் பதிவேட்டால்தான் தெரிகிறது.

பதவியை விட்டு மாண்டிசெல்லோ வீட்டுக்குப் போன பிறகும் தபால் குறையவில்லை. ஒருமுறை பதிவேட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்து, 1820-ஆம் ஆண்டில் மட்டும் 1,267 கடிதங்கள் வந்திருப்பதாக, தனக்கு முன் குடியரசுத் தலைவராக இருந்த ஜான் ஆடம்ஸுக்கு எழுதுகிறார். பலவற்றுக்கு நூல்களைத் தேடிப் படித்துப் பதில் எழுதவேண்டியிருந்ததாம். "இது ஒரு வாழ்க்கையா? செக்கு சுற்றும் குதிரையின் பிழைப்பு" என்பது அவர் புலம்பலின் சாரம். அக்காலத்தில் தபால் கட்டணத்தைப் பெறுபவர்தான் பொதுவாகக் கட்டுவார். ஜெஃபர்சனுக்கோ பதவிக்குப் பிறகும் இலவசத் தபால் சலுகை இருந்தது. அவருக்கு எழுதவும் செலவில்லை, அவரிடமிருந்து பெறவும் செலவில்லை. ஊரில் புதிதாக ஏதாவது கண்டுபிடித்தவன், கவிதை எழுதியவன், வேலை தேடுபவன் எல்லாரும் எழுதித் தள்ளியதில் வியப்பில்லை.

அனுப்பிய கடிதங்களின் நகல் எப்படி அவரிடமே இருந்தது?

தொடக்கத்தில் கையால்தான் படியெடுத்தார். 1770-இல் ஷாட்வெல் என்ற அவருடைய பிறந்த வீடு தீப்பிடித்து, நூல்களும் தாள்களும் ஏறக்குறைய முழுவதும் போயின. அந்த அடி அவருக்கு மறக்கவில்லை என்று நினைக்கிறேன். பின்னாளில் தாள்களைக் காப்பதில் அவர் காட்டிய பிடிவாதத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பாரிஸில் இருந்தபோது, நீராவி இயந்திரத்தால் பெயர் பெற்ற ஜேம்ஸ் வாட் 1780-இல் காப்புரிமை பெற்ற நகலெடுக்கும் அச்சைப் பயன்படுத்தத் தொடங்கினார். மை காயுமுன் கடிதத்தின்மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் எழுத்து அதில் ஒட்டும். கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறித்தான் ஒட்டும். ஆனால் தாள் மெலிதானதால் பின்பக்கமிருந்து நேராக வாசித்துக்கொள்ளலாம். ஆண்டுகள் ஓட ஓட மங்கிப்போவது இதன் குறை.

1804-இல் அவர் கைக்கு வந்தது 'பாலிகிராஃப்'. ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் கண்டுபிடித்து, ஃபிலடெல்ஃபியாவின் ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் செய்து விற்ற கருவி. இரண்டு பேனாக்கள் மரச் சட்டங்களால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்றால் எழுதினால் மற்றது பக்கத்துத் தாளில் அதே அசைவைச் செய்யும். குறை கண்டுபிடித்துத் திருத்தம் கேட்டு பீலுக்கு ஓயாமல் எழுதினார், மாற்றிமாற்றிப் புதுக் கருவி வாங்கினார். 1809-இல், இனி இது இல்லாமல் வாழவே முடியாது என்று அவருக்கு எழுதினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தன் ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் வைத்துக்கொள்பவன், பிற்பாடு யாரோ படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறான். நமக்கு இத்தனை கடிதம் கிடைத்திருப்பதால் அவர் மனம் முழுவதும் கிடைத்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது.

அரசுக் கடிதம் எது, சொந்தக் கடிதம் எது என்று எப்படிப் பிரிப்பது?

பிரிக்க முயன்றவர்கள் திண்டாடினார்கள். 1848-இல் அமெரிக்க காங்கிரஸ் அவருடைய தாள்களைக் குடும்பத்திடமிருந்து 20,000 டாலருக்கு வாங்கியது. பொதுவாழ்வு தொடர்பானவற்றை அரசு வைத்துக்கொண்டு, சொந்த விஷயங்களைக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. பிரித்தவர்களின் கோடு வளைந்து நெளிந்துதான் போகிறது. நண்பர் ஜேம்ஸ் மேடிசனுக்கு எழுதும் ஒரே கடிதத்தில் அரசியலமைப்பும் வரும், வாங்கி அனுப்பிய நூல்களின் கணக்கும் வரும். அதை எந்தப் பெட்டியில் போடுவது?

எல்லைக் கோட்டில் நிற்கும் நல்ல உதாரணம், 1802 ஜனவரி 1 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்ட் சபையினருக்கு எழுதியது. மதத்துக்கும் அரசுக்கும் நடுவே "பிரிவினைச் சுவர்" என்ற தொடர் இதில்தான் வருகிறது. பார்த்தால் ஒரு வாழ்த்துக்கு எழுதிய மரியாதைப் பதில். ஆனால் அனுப்புமுன் தலைமை வழக்கறிஞர் லீவை லிங்கனிடமும் தபால் துறைத் தலைவர் கிடியன் கிரேஞ்சரிடமும் காட்டி ஆலோசனை கேட்டிருக்கிறார். அரசு நோன்பு நாள், நன்றி நாள் அறிவிப்பதை எதிர்த்து எழுதிய பகுதியை, நியூ இங்கிலாந்து ஆதரவாளர்கள் மனம் கோணுவார்களே என்று அடித்துவிட்டார். மையால் மறைத்த அந்த வரிகளை 1998-இல் எஃப்பிஐ ஆய்வகம் மீட்டெடுத்தது. சட்டமே அல்லாத இந்தக் கடிதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 19-ஆம் நூற்றாண்டிலும், பிறகு 1947-இலும் தீர்ப்பில் மேற்கோள் காட்டியது.

(அதே புத்தாண்டு நாளில், மாசசூசெட்ஸின் செஷயர் ஊர் பாப்டிஸ்டுகள் அனுப்பிய 1,235 பவுண்டு எடையுள்ள பாலாடைக்கட்டி அவர் மாளிகைக்கு வந்து இறங்கியது. ஒரே நாளில் பாப்டிஸ்டுகளோடு இரண்டு வேலை.)

தபாலை யாராவது பிரித்துப் படித்தார்களா?

படிப்பார்கள் என்றே அவர் நடந்துகொண்டார். ஐரோப்பாவில் இருந்தபோது தூதர்களின் உறைகள் திறக்கப்படுவது வாடிக்கை. நாடு திரும்பிய பிறகும் பயம் விடவில்லை. 1798-இல், எதிர்க்கட்சி ஆட்சியில் துணைத் தலைவராக உட்கார்ந்திருந்தபோது, தபால் நிலையத்தின் நம்பகமின்மையால் மனம்விட்டு எழுத முடியவில்லை என்று நண்பர் ஜான் டெய்லருக்கு எழுதுகிறார். அந்தக் காலத்தில் சில கடிதங்களில் கையெழுத்தே போடுவதில்லை.

மேடிசன், மன்ரோ ஆகிய நண்பர்களோடு எண்களால் ஆன சங்கேதத்தில் எழுதினார். சொல்லுக்கோ அசைக்கோ ஓர் எண், இருவரிடமும் ஒரே பட்டியல். 26 எழுத்துகள் பொறித்த 36 மரச் சக்கரங்களை ஓர் இருசில் கோத்துச் சுழற்றும் கருவி ஒன்றையும் வடிவமைத்தார். ஏறக்குறைய அதே கருவியை அமெரிக்க ராணுவம் 1922-இல், இவரைப் பார்க்காமல் தானாகவே உருவாக்கிக்கொண்டது.

ஃபிலடெல்ஃபியாவின் கணிதப் பேராசிரியர் ராபர்ட் பேட்டர்சன் 1801-இல் உடைக்கவே முடியாத சங்கேதம் என்று சொல்லி ஒரு மாதிரியை அனுப்பினார். ஜெஃபர்சனால் அதைப் படிக்க முடிந்திருக்கும் என்று தோன்றவில்லை. இரு நூற்றாண்டு கழித்து ஒரு கணிதவியலாளர் கணினி உதவியோடு உடைத்தபோது உள்ளே இருந்தது ஜெஃபர்சனே எழுதிய சுதந்திரப் பிரகடனத்தின் தொடக்கம்.

எழுதியதால் வம்பில் மாட்டியதுண்டா?

உண்டு, நன்றாகவே. மாண்டிசெல்லோவுக்கு அருகில் முன்பு குடியிருந்த இத்தாலியர் பிலிப்போ மட்ஸெய்க்கு 1796 ஏப்ரலில் ஒரு கடிதம். குடும்ப விசாரிப்பு, பண விவகாரம், இடையில் அரசியல் வசை: போர்க்களத்தில் சிம்சோன்களாகவும் ஆலோசனை மன்றத்தில் சாலமோன்களாகவும் இருந்தவர்களின் தலைமுடியை இங்கிலாந்து என்ற விலைமகள் மழித்துவிட்டாள் என்று எழுதியிருந்தார். (விவிலியத்தில் சிம்சோன் பலசாலி, முடி போனதும் பலம் போனது; சாலமோன் ஞானி.) பெயர் சொல்லவில்லை. ஜார்ஜ் வாஷிங்டனைத்தான் சொல்கிறார் என்று படித்தவர்கள் கொண்டார்கள்.

மட்ஸெய் அதை நண்பர்களிடம் காட்டினார். இத்தாலியத்துக்குப் போனது, பிரெஞ்சுக்குப் போய் பாரிஸ் செய்தித்தாளில் வந்தது, 1797 மே மாதம் மீண்டும் ஆங்கிலமாகி நியூயார்க் இதழில் வெளியானது. மூன்று கை மாறியதில் இன்னும் காரம் ஏறியிருந்தது. ஜெஃபர்சன் மறுக்கவும் முடியாமல் ஒப்பவும் முடியாமல் பொதுவில் வாயே திறக்கவில்லை. அதற்குப் பின் வாஷிங்டனோடு கடிதப் போக்குவரத்து இல்லை.

ஜான் ஆடம்ஸுடன் நடந்த கடிதப் போக்குவரத்து ஏன் இவ்வளவு பிரபலம்?

ஏனென்றால் அது முறிந்து மறுபடி ஒட்டிய நட்பு. முறிவும் ஒட்டும் இரண்டுமே தாளில் இருக்கிறது.

1776-இல் பிரகடனத்துக்கு ஒன்றாக உழைத்தவர்கள், 1780-களில் ஐரோப்பாவில் குடும்ப நண்பர்கள். ஜெஃபர்சனின் இளைய மகள் பாலி எட்டு வயதில், சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைச் சிறுமியின் துணையோடு கடல் கடந்து லண்டன் வந்து இறங்கியபோது வைத்துப் பார்த்துக்கொண்டவர் ஆடம்ஸின் மனைவி அபிகேல். பிறகு கட்சி பிரித்தது. 1800 தேர்தலில் ஜெஃபர்சன் வென்றார். பதவியேற்பு நாளான 1801 மார்ச் 4 அதிகாலையில், விழாவுக்கு நிற்காமல் ஆடம்ஸ் தலைநகரை விட்டுப் புறப்பட்டுவிட்டார்.

1804-இல் பாலி இறந்தாள். கேள்விப்பட்ட அபிகேல், பழைய பாசத்தில் ஜெஃபர்சனுக்கு இரங்கல் எழுதினார். இங்கே ஜெஃபர்சன் செய்ததை என்னால் இன்னும் புரிந்துகொள்ள முடியவில்லை: நன்றி சொன்ன கையோடு, உங்கள் கணவர் பதவி இறங்கும் கடைசி நேரத்தில் செய்த நியமனங்கள் மட்டும் எனக்கு மனவருத்தம் தந்தன என்று எழுதிவிட்டார். துக்கம் விசாரித்தவரிடம் பேசும் பேச்சா அது? அபிகேல் விடவில்லை. ஆடம்ஸைக் கேவலமாக எழுதிய காலண்டர் என்ற பத்திரிகைக்காரனுக்கு நீங்கள் பணம் கொடுத்தீர்களே என்று திருப்பிக் கேட்டார். அக்டோபரோடு அந்தத் தொடர்பும் நின்றது. நவம்பரில்தான் ஆடம்ஸ் அவற்றைப் படித்தார். எல்லாம் என் அறிவோ சந்தேகமோ இல்லாமல் நடந்தது என்று நகலின் அடியில் குறித்து வைத்தார்.

ஒட்டவைத்தவர் இருவருக்கும் நண்பரான மருத்துவர் பெஞ்சமின் ரஷ். இருவரும் சேர்ந்ததாகத் தான் கனவு கண்டேன் என்றுகூட ஆடம்ஸுக்கு எழுதிப் பார்த்தார். 1811-இல் வர்ஜீனியாவின் கோல்ஸ் சகோதரர்கள் ஆடம்ஸைக் காணப் போனார்கள். பேச்சோடு பேச்சாக அவர், "ஜெஃபர்சனை நான் எப்போதும் நேசித்தேன், இப்போதும் நேசிக்கிறேன்" என்றார். அது காதுக்கு வந்ததும், இது ஒன்று தெரிந்தால் போதுமே என்று ஜெஃபர்சன் ரஷ்ஷுக்கு எழுதினார்.

1812 ஜனவரி 1 அன்று ஆடம்ஸ் முதலில் எழுதினார். உள்ளூர்த் தறியில் நெய்த இரண்டு துணிகளைத் தனியாக அனுப்புவதாகக் குறும்பாகச் சொல்லியிருந்தார். கடிதம் முந்திவிட்டது, பொட்டலம் பிந்திவிட்டது. ஜெஃபர்சன் அதை நிஜத் துணி என்றே எடுத்துக்கொண்டு வர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு நூற்பும் நெசவும் நடப்பதை விரிவாக எழுதிப் பதில் போட்டார். பிறகு வந்த பொட்டலத்தில் இருந்தது, ஆடம்ஸின் மகன் ஜான் குவின்ஸி ஆடம்ஸ் நாவன்மை பற்றி ஆற்றிய உரைகளின் இரண்டு தொகுதிகள்!

அடுத்த 14 ஆண்டுகளில் இருவருக்குமிடையே 158 கடிதங்கள். ஆடம்ஸ் ஏறக்குறைய இரண்டு எழுதினால் ஜெஃபர்சன் ஒன்று எழுதுவார். "நம்மை நாமே ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளாமல் சாகக் கூடாது" என்று 1813-இல் ஆடம்ஸ் எழுதியதுதான் மொத்தத் தொடரின் நோக்கம். ஆடம்ஸ் பொரிந்து தள்ளுவார், கேலி செய்வார், ஒரே கடிதத்தில் ஏழெட்டு விஷயம் தாவுவார். ஜெஃபர்சன் நிதானமாக, தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துப் பதில் சொல்வார். பிடிக்காததைத் தொடவே மாட்டார். வாசிக்க ஆடம்ஸ்தான் சுவை என்பது என் கட்சி. 1818-இல் அபிகேல் இறந்தபோது மட்டும் ஜெஃபர்சனின் கடிதம் வேறு தரத்தில் நிற்கிறது: சுருக்கம், அரசியல் இல்லை.

மனைவிக்கு எழுதிய கடிதங்கள் எங்கே?

ஒன்றுகூட இல்லை. மனைவி மார்த்தா 1782 செப்டம்பரில் இறந்த பிறகு அவர்களுக்கிடையேயான கடிதங்கள் அழிக்கப்பட்டன. ஒரு சீட்டின் நகலைக்கூடக் காத்த மனிதரின் தாள்களில் இந்த ஒரு இடம் மட்டும் துடைத்துக் கிடக்கிறது.

மகள்களுக்கு எழுதியவை ஏராளம். 1783 நவம்பரில், தாய் இறந்து ஓராண்டு கடந்த 11 வயது மூத்த மகள் பாட்ஸிக்கு ஒரு கால அட்டவணை அனுப்புகிறார்: 8 முதல் 10 வரை இசை, 10 முதல் 1 வரை ஒரு நாள் நடனம், மறுநாள் ஓவியம், 3 முதல் 4 வரை பிரெஞ்சு, இப்படியே உறங்கும்வரை. ஒரு சொல்லையும் பிழையாக எழுதிவிடாதே என்ற எச்சரிக்கையும் உண்டு. அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் அன்பு நிபந்தனையோடு வருகிறது.

அடிமை முறை பற்றிக் கடிதங்களில் என்ன சொல்கிறார்?

யாருக்கு எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது. வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் இவர்.

1791 ஆகஸ்ட் 19-இல் சுதந்திரக் கறுப்பினத்தவரான வானியல் அறிஞர் பெஞ்சமின் பேனக்கர், தன் கையால் எழுதிய பஞ்சாங்கப் பிரதியை வெளியுறவுச் செயலர் ஜெஃபர்சனுக்கு அனுப்பினார். கூடவே ஒரு நீண்ட கடிதம். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய நீங்களே எங்கள் சகோதரர்களை வன்முறையால் அடிமையாக வைத்திருக்கிறீர்களே என்று நேருக்கு நேர் கேட்டார். ஜெஃபர்சன் ஆகஸ்ட் 30 அன்றே பதில் எழுதினார். மரியாதையானது. உங்களைப் போன்ற சான்றுகளைக் காண்பதில் என்னைவிட மகிழ்பவர் இல்லை, உங்கள் பஞ்சாங்கத்தைப் பாரிஸின் அறிவியல் கழகச் செயலர் கோந்தொர்செவுக்கு அனுப்புகிறேன் என்றார்.

18 ஆண்டு கழித்து, 1809 அக்டோபரில் கவிஞர் ஜோயல் பார்லோவுக்கு எழுதும்போது சுதி மாறுகிறது. பேனக்கரின் கடிதம் அவருடைய அறிவு மிகச் சாதாரணமானது என்பதைத்தான் காட்டுகிறது, கணக்கிலும் யாராவது உதவியிருக்கலாம் என்கிறார். பேனக்கர் 1806-இலேயே இறந்துவிட்டார். முதல் கடிதத்தை மட்டும் படித்தவர் ஜெஃபர்சனைப் பெருந்தன்மையானவர் என்பார். இரண்டாவதை மட்டும் படித்தவர் வேறு சொல்வார். இரண்டும் ஒரே கையெழுத்து.

ஆடம்ஸைப் பார்க்கப் போன கோல்ஸ் சகோதரர்களில் ஒருவரான எட்வர்ட் கோல்ஸ், 1814-இல் ஜெஃபர்சனுக்கே எழுதினார்: அடிமை ஒழிப்புக்கு நீங்கள் தலைமை ஏற்க வேண்டும், நான் என் அடிமைகளை விடுவிக்கப் போகிறேன். எனக்கு வயதாகிவிட்டது, இது இளைஞர் வேலை, நீ ஊரைவிட்டுப் போகாதே என்று ஜெஃபர்சன் பதில் எழுதினார். கோல்ஸ் கேட்கவில்லை. 1819-இல் இலினாய்க்குக் குடிபெயர்ந்து அவர்களை விடுவித்து, நிலமும் கொடுத்தார். பின்னர் அந்த மாநிலத்தின் ஆளுநரும் ஆனார்.

1820-இல் ஜான் ஹோம்ஸுக்கு எழுதிய கடிதத்தில் ஜெஃபர்சன் அடிமை முறையை, நாம் காதைப் பிடித்து வைத்திருக்கும் ஓநாய் என்கிறார்: பிடித்திருக்கவும் முடியாது, விடவும் முடியாது. அழகான உருவகம்தான். ஆனால் அதில் ஓநாயாக ஆனவர்கள் அவருடைய வயலில் புகையிலையும் கோதுமையும் விளைவித்த மனிதர்கள்.

அந்த அடிமைகள் எழுதிய கடிதம் ஏதாவது இருக்கிறதா?

மிகச் சில. ஜெஃபர்சனின் இன்னொரு தோட்டமான பாப்லர் ஃபாரஸ்டிலிருந்து ஹன்னா என்ற பெண் 1818 நவம்பரில் எழுதியது அவற்றில் ஒன்று. வீடும் தட்டுமுட்டுச் சாமான்களும் பத்திரமாக இருக்கின்றன, உங்கள் உடல்நிலை கேட்டு வருந்தினேன் என்று தொடங்கி, கடவுளை நம்பச் சொல்லி எஜமானுக்கே அறிவுரை கூறுகிறார். மரவேலைக் கலைஞர் ஜான் ஹெமிங்ஸும் அங்கிருந்து கட்டட வேலை பற்றி எழுதியிருக்கிறார். பல்லாயிரம் கடிதக் குவியலில் இவை ஒரு கைப்பிடிகூடத் தேறாது.

மூலங்கள் இப்போது எங்கே? தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ படிக்க முடியுமா?

அரசு வாங்கிய பங்கு வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. குடும்பத்திடம் திரும்பியதில் பெரும்பகுதி 1898-இல் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்துக்குப் போனது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும் தொகுப்பு உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பின் முதல் தொகுதி 1950-இல் வந்தது. ஓய்வுக்கால (1809-க்குப் பின்) கடிதங்களை, அவர் வீட்டை இப்போது நடத்தும் மாண்டிசெல்லோ அறக்கட்டளை தனியாகப் பதிப்பிக்கிறது.

வீட்டில் உட்கார்ந்தே படிக்க, அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் 2013-இல் தொடங்கிய ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளம் போதும். கட்டணம் இல்லை. வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஹாமில்டன், மேடிசன் கடிதங்களும் அங்கேயே இருப்பதால், ஒரு கடிதத்தைத் திறந்து அதற்கு வந்த பதிலுக்கும் தாவலாம். ஒரே ஆளின் பக்கத்தை மட்டும் படித்துத் தீர்ப்பு சொல்லும் தொல்லை இதனால் குறைகிறது.

சமூக ஊடகங்களில் 'ஜெஃபர்சன் சொன்னது' என்று வருபவை உண்மையா?

பாதிக்கு மேல் சந்தேகம் கொள்ளுங்கள். குறைவாக ஆளும் அரசே சிறந்த அரசு, எதிர்ப்பே உயர்ந்த தேசபக்தி என்ற இரண்டும் அவர் எழுத்தில் எங்கும் இல்லை. மாண்டிசெல்லோ இப்படிப்பட்ட போலி மேற்கோள்களுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. யாருக்கு, எந்தத் தேதியில் என்ற இரண்டும் இல்லாத மேற்கோளைப் பகிராமல் இருப்பது நல்லது.

உண்மையான வாசகத்திலும் ஒரு முடிச்சு உண்டு. சுதந்திரத்தின் 50-ஆம் ஆண்டு விழாவுக்கு வர இயலாது என்று 1826 ஜூன் 24-இல் ரோஜர் வெயிட்மனுக்கு எழுதியதில், மனித குலம் முதுகில் சேணத்தோடு பிறக்கவில்லை என்ற புகழ்பெற்ற வரி வருகிறது. அது 1685-இல் தூக்குமேடையில் நின்று ரிச்சர்ட் ரம்போல்ட் என்ற ஆங்கிலேயர் பேசியதிலிருந்து எடுத்தது.

அதுதான் அவருடைய கடைசிக் கடிதமா?

அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள், உலகுக்கு விடைகொடுத்த கடிதமாக அது பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் மறுநாள், ஜூன் 25 அன்று, ரிச்மண்டில் தன் வரவு செலவுகளைப் பார்த்துக்கொண்ட பெர்னார்ட் பெய்டனுக்கு ஒன்று எழுதினார். மார்செய்யிலிருந்து வந்திறங்கிய ஒயினுக்குச் சுங்கம் கட்டச் சொல்லி. ஜூலை 4 அன்று அவர் இறந்தார். அதே நாளில் ஆடம்ஸும்.